வந்த வழியால் திரும்பாதவர்

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் காரைப் பெரிய ரோட்டிலேயே விட்டுவிடுவார். உள்ளே கொண்டுவர மாட்டார்.

மெல்பேணின் ரோவில் பகுதியில் எங்கள் வீடு ஒரு முடக்கு ஒழுங்கையில் இருந்தது. இந்த நாட்டில் அதைக் கோர்ட் என்பார்கள். நுழைந்த வாயாலேதான் கார் வெளியே வரவேண்டும். ஒழுங்கை முடிகிற இடத்தில் கார் திருப்ப ஒரு வட்டம். வட்டத்தின் மூலையில், இரண்டு வேலிகளுக்கு நடுவே, ஆள் மட்டும் நடக்கிற அளவில் ஒரு பாதை. அது பின்னால் இருக்கிற பூங்காவில் போய் ஏறும். அவர் ஒழுங்கை வாயால் நடந்து வருவார். தேத்தண்ணி குடிப்பார். போகும்போது அந்தச் சின்னப் பாதையால் போய், பூங்காவைச் சுற்றி, பெரிய ரோட்டுக்கு வந்து காரை எடுப்பார். இருபது நிமிட நடை. மழைக்கும் அப்படித்தான்.

"அண்ணைக்கு டொக்டர் நடக்கச் சொன்னவரோ?" என்று என் மனைவி தொடக்கத்தில் கேட்டாள்.

"இல்லை."

"பின்னை?"

"தெரியாது."

எனக்கும் அப்போது தெரியாது.

ஒழுங்கை வாயில் முதல் வீடு ஒரு கிரேக்கக் கிழவருடையது. பின்னேரங்களில் எலுமிச்சை மரத்துக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் என்னை மறித்தார். "உன் சிநேகிதர் உள்ளே போவதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். வெளியே வந்ததை ஒருநாளும் காணவில்லை. பிடித்து வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு வந்தேன்.

அவர் பேரை எழுதவில்லை. இப்போது மகளோடு பிறிஸ்பேனில் இருக்கிறார். தன் பேரை எங்கேயாவது எழுதிக் கண்டால் கோபிப்பார்.

டண்டினோங்கில் கார்க் கதவுகளுக்கு உள்பக்கத் தட்டு செய்கிற தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நான் தொண்ணூறாம் ஆண்டு சேர்ந்தேன். அவர் எனக்கு முன்பே இருந்தார். ஏழு வயது மூப்பு. நான் அண்ணை என்றேன். வயதில் குறைந்தவனைத் தம்பி என்று கூப்பிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். முன்பின் தெரியாதவனையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கூப்பிடமாட்டார். என்னை "ஐசே" என்பார். இங்கிலீசு 'ஐ சே'தான் அது; மற்றவர்களையும் ஐசேதான். முதலில் பெருமைக்காரன் என்று நினைத்தேன்.

வெள்ளைக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் ரவுண்டபவுட். களஞ்சியத்திலிருந்து தள்ளுவண்டியில் இறப்பர்ப் பட்டிகளை எடுத்து வந்து எங்களுக்குத் தருவது அவர் வேலை. வரும்போது அச்சு இயந்திரங்களின் பக்கத்தால் வருவார். வெறும் வண்டியோடு போகும்போது பெயின்ற் அடிக்கிற பக்கத்தால் சுற்றிப் போவார். மேற்பார்வையாளர் ஒருநாள் கையில் மணிக்கூட்டோடு அவருக்குப் பின்னால் நடந்தார். போன வழியால் திரும்பினால் ஒவ்வொரு தரமும் இரண்டு நிமிடம் மிச்சம் என்று சொன்னார். அண்ணை "யெஸ்" என்றார். அடுத்த நாளும் சுற்றித்தான் போனார்.

அந்த மாதமே அச்சு இயந்திர மூலையில் வேறு இரண்டு வண்டிகள் எதிரெதிரே மோதின. ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது. விசாரணை வைத்தார்கள். பிறகு நிலத்தில் மஞ்சள் அம்புக்குறி கீறினார்கள். எல்லோரும் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வரவேண்டும். அண்ணை போய்வருகிற அதே சுற்று. அவர் நின்று அந்த அம்புக்குறிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்பதான் இவங்கள் நடக்கப் பழகுறாங்கள், ஐசே," என்றார்.

அவருடைய வீடு மல்கிரேவில் ஒரு மூலை வளவு. இரண்டு ரோட்டுக்கும் இரண்டு படலை. வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். தரகர் புதுக் குசினியைக் காட்ட நின்றார். அண்ணை குசினிக்குள் போகவில்லை. வளவை வெளியால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டு படலையையும் திறந்து பூட்டிப் பார்த்தார். "ஓம், இது காணும்," என்றார். "குசினி பாக்காமல் வீடு வாங்கின ஒரே மனுசன் இவர்தான்" என்று அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

கோயிலுக்கு ஒழுங்காகப் போவார். பக்திமான் இல்லை. தேங்காய் உடைக்கமாட்டார், அர்ச்சனை செய்யமாட்டார். கோயிலை வலம் வந்து வீதி மட்டும் சுற்றுவார். ஒருதரம் கேட்டேன், என்ன அண்ணை கும்பிடுறியள் என்று.

"கும்பிடேல்லை. இந்த ஒரு இடத்திலைதான் போன வழியால திரும்பி வராதை எண்டு எழுதாமலே வச்சிருக்கு."

ஏன் என்று யாராவது நேரே கேட்டால் ஒரே பதில்தான். "போகேக்கை கண்டவன் வரேக்கை காத்துக்கொண்டு நிப்பான்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். கேட்டவரும் சிரிப்பார். பகிடி என்றுதான் எல்லோரும் எடுத்தோம்.

பகிடி இல்லை என்று எனக்கு முதலில் தோன்றினது வில்லாவுட்டில்.

அக்காவின் சித்தி மகன் படகில் வந்து சிட்னியில் பிடிபட்டு, வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தான். அக்கா சாப்பாடு கட்டித் தந்தார். நானும் அண்ணையும் காரில் போனோம். போகும்போது உள்நாட்டுப் பெருந்தெரு. திரும்பும்போது கடற்கரைத் தெரு. அது எவ்வளவோ தூரம் கூட. அது எனக்குப் பழகிவிட்டது. முகாம் வாசலில்தான் புதிதாக ஒன்று நடந்தது. காவலாளியிடம் அண்ணை கேட்டார், வெளியே போகிற கதவு வேறா என்று. இல்லை, இதே கதவுதான் என்றான் அவன்.

அண்ணை சாப்பாட்டுப் பையை என் கையில் தந்தார்.

"நீர் போய்ப் பாத்திட்டு வாரும்."

"அண்ணை, உங்கடை மச்சான். என்னை அவனுக்கு ஆரெண்டும் தெரியாது."

"போம், ஐசே."

நான் உள்ளே போனேன். பொடியன் மெலிந்திருந்தான். அத்தான் வரவில்லையா என்று நாலு தரம் கேட்டான். கால் நோ, படி ஏறமாட்டார் என்றேன். அங்கே படியே இல்லை. அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தபோது அண்ணை கார் நிறுத்துமிடத்தில், காருக்கு வெளியே, வாசலைப் பார்த்தபடி நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. ஆனி மாதம், இந்த நாட்டில் கடுங்குளிர்.

எனக்கு அவர்மேல் கோபம்தான். ஏன் என்று அறிகிற ஆசை கோபத்தைவிடக் கூட இருந்தது. ஆனாலும் கேட்கவில்லை.

சைக்கிள் அவருடைய ஐம்பதாவது வயதில் வந்தது. யாரோ வீட்டு முற்றத்தில் பழஞ்சாமான் விற்றபோது ஒரு சிவப்பு மலைச் சைக்கிளை வாங்கி வந்தார். தடித்த ரயர், முன்னுக்குச் சுருள். எனக்கும் ஒன்று வாங்கச் சொன்னார். வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோவிலுக்குப் பக்கத்தில் லிஸ்டர்பீல்ட் ஏரிக் காட்டுக்குள் ஓடினோம். கல்லும் வேரும் ஏற்றமும் இறக்கமுமான பாதைகள். சுற்றி வருகிற பாதைகளைத்தான் எடுப்பார். கங்காருகள் நின்று பார்க்கும். எங்கள் ஆட்களும் நின்று பார்த்தார்கள்.

"என்னண்ணை, உந்தச் சைக்கிளிலையிருந்து இறங்கத்தானே நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்!" என்று கோயிலடியில் ஒருவர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நீங்கள் இறங்கியிட்டியள். நான் இன்னும் சுத்தி முடிக்கேல்லை," என்றார் அண்ணை.

பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற பாக்கோ என்ற ஸ்பானியன் எங்களோடு வேலை செய்தான். பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவன். சாப்பாட்டு நேரத்தில் அண்ணையின் சைக்கிளைக் கண்டுவிட்டு, என் ஊர்ப்பக்கம் ஒரு பாதை இருக்கிறது என்று சொன்னான். மதில் சூழ்ந்த ஒரு பழைய பட்டினத்தின் வாசலில் தொடங்கும். ஆட்டுக்காரர் போன தடம், கோவேறு கழுதை போன தடம், ரோமர் போட்ட கல்ரோட்டு, எல்லாம் தொடுத்து ஒரு வட்டம். எட்டு நாள் மலைச் சைக்கிளில் ஓடினால் அதே பட்டினத்துக்குள் மற்ற வாசலால் வரலாம்.

அண்ணை சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டார். "திரும்பவும் சொல்லு," என்றார்.

பாக்கோ விரலால் மேசையில் வட்டம் கீறினான்.

"ஒரு இடமும் ரெண்டு தரம் வராதோ?"

வராது என்றான் பாக்கோ. அவனுடைய தங்கை தபாலில் வரைபடம் அனுப்பினாள். மடித்து மடித்து ஓரம் கிழிந்த தாள். அண்ணை அதைக் குசினி மேசையில் விரித்து இரவுச் சாப்பாடு வரை பார்ப்பார். ஊர்ப் பேர்களை அவரால் வாசிக்க முடியாது. வட்டத்தை மட்டும் விரலால் சுற்றுவார்.

நீண்டகால வேலைக்குத் தருகிற லீவு இரண்டு பேருக்கும் இருந்தது. ஸ்பெயின் பயணத்துக்கு ஒரு கிழமை முன் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை பின்படலையில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு நின்றார். அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீர் கூடப் போறது நல்லது. அவர் தனியப் போனா எனக்குப் பயம்."

"ஏனக்கா?"

"பாதை இல்லையெண்டாலும் திரும்பமாட்டார். முன்னுக்கே போவார். நீர் இழுத்துக்கொண்டு வரவேணும். வருவீர்தானே?"

"ஓம்."

"அவருக்கொரு தம்பி இருந்தவன். தெரியுமோ?"

தெரியாது என்றேன். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னார். ஊரில், சண்டைக் காலத்தில், தங்கள் கலியாணக் கார்ட்டைப் பெரியம்மா வீட்டுக்குக் கொடுக்க அண்ணையும் தம்பியும் இரண்டு சைக்கிளில் போனார்கள். போகும்போது சந்தியில் துவக்கோடு சிலர் நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார்கள். திரும்பும்போது தம்பி மற்ற ரோட்டால் போவோம் என்றான். அது மணல், சுற்று, நேரமாகும் என்று இவர்தான் வந்த வழியால் கூட்டிவந்தார். சந்தியில் அவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். தம்பியை இறக்கினார்கள். இவரைத் திரும்பிப் பார்க்காமல் போ என்றார்கள்.

"இவர் திரும்பிப் பாக்கேல்லை," என்றார் அக்கா. "பாத்திருந்தா இவரும் இல்லை. அது எனக்கு விளங்குது. அவருக்கு விளங்கேல்லை."

எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அக்கா சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. தம்பி அதற்குப் பிறகு வரவில்லை.

கதவு திறந்தது. அண்ணை எண்ணெய்க் கையோடு நின்றார். "என்ன, கூட்டம் போடுறியள்?" என்றார்.

"உங்களுக்குக் கட்டித் தர மிளகாய்த்தூள் எவ்வளவு எண்டு கதைச்சனாங்கள்," என்றார் அக்கா.

சித்திரை மாதம் ஸ்பெயினுக்குப் போனோம். அங்கே அது வசந்தம். பட்டினத்து மதில் எங்கள் ஊர்க் கோட்டையை விட உயரம். அங்கேயே இரண்டு சைக்கிளை வாடகைக்கு எடுத்தோம். வாசலால் வெளியே வந்ததும் அண்ணை நின்று அந்த வளைவை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். "இதை இனிப் பாக்கத் தேவையில்லை," என்றார். மிதித்தோம்.

முதல் நாலு நாளும் நல்ல நாட்கள். அவரை அப்படி நான் கண்டதில்லை. எல்லாவற்றையும் கேட்டார். கோயில் கோபுரங்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஒரு கூடு ஒரு வண்டில் அளவு. மணி அடிக்கும்போது நாரை ஏன் பறக்கவில்லை என்று கேட்டார். கல்மதிலுக்குச் சாந்து ஏன் இல்லை என்று கேட்டார். கறுப்புப் பன்றிகள் மரத்துக்குக் கீழே மேய்ந்தன. சில மரங்களில் ஆள் உயரத்துக்குப் பட்டை உரித்து, செம்மண் நிறத்தில் அடி தெரிந்தது. அதில் வெள்ளைப் பெயின்றில் ஒரு எண். ஒன்றில் ஐந்து. இன்னொன்றில் இரண்டு. எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் யோசித்தார். சாப்பாட்டுக் கடையில் ஒரு கிழவனிடம் கையால் மரத்தையும் எண்ணையும் காட்டிக் கேட்டார். கிழவன் போத்தல் தக்கையை எடுத்துக் காட்டினான். பிறகு சுவரில் தொங்கின நாட்காட்டியைக் காட்டினான். உரித்த வருசத்தின் கடைசி இலக்கம். பட்டை திரும்ப வளர ஒன்பது வருசம் என்று விரல் விட்டு எண்ணினான்.

"ஒன்பது வருசத்துக்குப் பிறகு அதே மரத்துக்குத் திரும்பி வருவாங்கள்," என்றார் அண்ணை. அன்று மத்தியானம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு ஓடினார்.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு சின்ன ஊர். பன்னிரண்டு வீடு இருக்கும். பாதை வீடுகளுக்கு நடுவால் போய்ப் பள்ளத்துக்குள் இறங்கியது. கடைசி வீட்டு மதிலில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். எங்கள் வயதிருக்கும். பருத்த ஆள், பச்சை நிறக் கம்பளிச் சட்டை. எங்களைக் கண்டதும் ஏதோ கத்தினாள். நாங்கள் கை காட்டிவிட்டுத் தாண்டினோம். அவள் மதிலைச் சுற்றி ரோட்டுக்கு வந்து பின்னால் ஓடினாள். இன்னும் பெலத்துக் கத்தினாள்.

நான் பிறேக்கைப் பிடித்தேன்.

"திரும்பிப் பாக்காதையும், ஐசே!" அண்ணையின் குரல் வேறாக இருந்தது. "மிதியும்!"

"ஏதோ சொல்லுறா, அண்ணை."

"மிதியும் எண்டுறன்!"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்துக் காட்டினாள். அவளுடைய கோழிக்குள்ளால் ஓடிவிட்டோம், அதற்குத் திட்டுகிறாள் என்று நினைத்தேன். அண்ணை அதற்குள் வளைவில் மறைந்துவிட்டார். மிதித்தேன்.

பாதி வழியில் ஒரு கல்லுச் சிலுவை நின்ற குருசடியையும் தாண்டி, மொத்தம் முக்கால் மணித்தியாலம் இறங்கினோம். நேரே கீழே. இரண்டு பக்கமும் பாறை. அடியில் ஆறு. வரைபடத்தில் அங்கே ஒரு பழைய கல்லுப் பாலம் இருந்தது. போய்ப் பார்த்தால் பாலத்தின் நடு வளைவு இல்லை. மாரி வெள்ளத்தில் போயிருக்க வேண்டும். இந்தக் கரையில் பாதி, அந்தக் கரையில் பாதி. நடுவில் மஞ்சள் தண்ணீர் இரைந்துகொண்டு போனது.

அவள் ஏன் கையைக் குறுக்கே பிடித்தாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"திரும்புவம், அண்ணை," என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். "இடுப்பளவுதான் இருக்கும்."

"ஆழம் தெரியாது. திரும்புவம்."

"நீர் போம். நான் உதாலை போய் மற்றப் பக்கத்திலை நிப்பன்."

"நான் அக்காட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான்."

"என்ன சொன்னனீர்?"

"பாதை இல்லாட்டி உங்களைத் திருப்பிக் கொண்டு வாறனெண்டு."

அவர் என்னைப் பார்த்தார். அக்கா என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்பது அவருக்கு விளங்கியது. சைக்கிளைத் தோளில் தூக்கினார். தண்ணீருக்குள் இறங்கினார்.

நான் என்ன செய்வது? இறங்கினேன்.

அவருக்கு இடுப்பளவு வந்தபோது எனக்கு ஒரு கல் புரண்டது. வலது கால் இரண்டு பாறைக்கு நடுவே போனது. உடம்பை ஆறு ஒரு பக்கம் இழுத்தது. கால் வரவில்லை. முறிந்த சத்தம் தண்ணீர் இரைச்சலுக்கு மேலாலும் கேட்டது. தண்ணீர் வாய்க்குள் போனது. என் சைக்கிள் போய்விட்டது. அண்ணை தன் சைக்கிளை வீசிவிட்டு வந்தார். என்னை எப்படி இழுத்தார் என்று எனக்குத் தெரியாது. கரையில் கிடந்தேன். கால் பாதம் பார்க்கக்கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் சேட்டைக் கழற்றி, காலை ஒரு தடியோடு சேர்த்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். முன்னால் ஆறு. பக்கத்தில் பாறை. பின்னால் நாங்கள் இறங்கி வந்த பாதை. கைத்தொலைபேசிக்கு அங்கே உயிரில்லை. உதவி வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான்.

அவர் அந்தப் பாதையை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லமுடியாது. எனக்குக் குளிர் ஏறியது. பல்லுக் கிட்டியது. வில்லாவுட் வாசலில் இருந்த வேர்வை அவர் நெற்றியில் இருந்தது. போகாமல் இருந்துவிடுவார் என்றே நினைத்தேன். போங்கோ என்று சொல்லவும் பயமாக இருந்தது.

அவர் குந்தி என் தலைக்குக் கீழே பையை வைத்தார்.

"தம்பி," என்றார். "நீ இதிலை இரு. அசையாதை. நான் வந்த வழியால போட்டு வாறன்."

பதினேழு வருசத்தில் முதல் தரம்.

போனார். ஏற்றத்தில் நடந்து, இடைக்கிடை ஓடி. பத்து அடிக்கு ஒருதரம் நின்று திரும்பி என்னைப் பார்த்தார். கையைக் காட்டினேன். மறுபடி பத்து அடி. மறுபடி திரும்பிப் பார்த்தார். பாறை மறைக்கும் வரை அப்படித்தான் போனார்.

ஊருக்கு ஏற ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். ஆளைப் பிடித்துக் கொண்டுவர இன்னும் ஒன்று. அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, மேலே கல் உருளும் சத்தம் கேட்டது. முன்னால் அந்தப் பச்சைச் சட்டைக்காரி. அவளுக்குப் பின்னால் ஒரு கழுதையும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆணும். கடைசியாக அண்ணை, உடம்பில் மேற்சட்டை இல்லாமல், யாரோ கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"கெதியா வந்திட்டியள்," என்றேன்.

"ஊருக்குப் போகேல்லை." மூச்சு வாங்கினார். "அவ குருசடியிலை நிண்டவ. தண்ணிப் போத்தலோடை."

"ஏன்?"

"எங்களுக்காகத்தான். பாலம் இல்லையெண்டு தெரியும். திரும்பி வருவமெண்டு காத்துக்கொண்டு நிண்டவ. காணேல்லையெண்டு தமையனைக் கழுதையோடை வரச்சொல்லியிருக்கிறா."

அந்தப் பெண் என் காலைப் பார்த்தாள். பிறகு எழும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்து, காலையில் சொன்னதை அண்ணைக்குத் திரும்பவும் சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லாம் விளங்கியது. சொல்லி முடித்து அவர் தோளில் இரண்டு அடி போட்டாள். நல்ல அடி. அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார்.

கழுதையில் ஏறினது எனக்கு அதுதான் முதல் தரம். அண்ணை பக்கத்தில் என் காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இறங்கி வந்த ஒவ்வொரு கல்லையும் இரண்டாம் தரம் பார்த்துக்கொண்டு ஏறினோம்.

ஆசுப்பத்திரியில் காலுக்கு ஆணி வைத்தார்கள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார்.

"மிச்சம் மூண்டு நாள்தானே," என்றேன். "நீங்கள் போய் முடியுங்கோவன். மற்றப் பக்கத்தாலை வந்தா ஆறு வரைக்கும் வரலாம்."

"காணும்."

"சுத்து முடியேல்லை."

"முடியாட்டிப் போகட்டும்," என்றார். தோடம்பழம் உரித்துத் தந்தார்.

தம்பியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மெல்பேணுக்கு வந்தபிறகு நான் திரும்பவும் ஐசேதான். கோயிலில் வீதி சுற்றுவதும் முன்போலத்தான். தொழிற்சாலையில் அம்புக்குறிப்படி நடந்தார். ஸ்பெயின் எப்படி என்று கேட்டவர்களுக்கு, "பாலம் உடைஞ்சு போச்சு, திரும்பி வந்திட்டம்," என்று சொன்னார். யாரும் அதை ஒரு பெரிய விசயமாக எடுக்கவில்லை.

கால் மாவுக்கட்டு வெட்டுகிற நாள் வந்தது. என்னால் கார் ஓட்ட முடியாது. தான் கூட்டிப்போவதாகச் சொன்னார். பெரிய ரோட்டு வரை ஊன்றுகோலோடு நடக்க வேண்டுமே என்று நேரத்துக்கே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி யன்னலில் நின்றாள். "இஞ்சை வாங்கோ," என்றாள். "அண்ணையின்ரை கார் உள்ளுக்கு வருது."

போய்ப் பார்த்தேன். வந்தது. மெல்ல வந்தது. ஒழுங்கை முடிவில் வட்டத்தைச் சுற்றி, எங்கள் படலையடியில் வந்து நின்றது. அவர் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார். நான் ஏறினேன்.

ஒழுங்கை வாயில் கிரேக்கக் கிழவர் எலுமிச்சைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார். கார் உள்ளே போனதைக் கண்டவர். எங்களைக் கண்டதும் குழாயைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரத்துக்கு வந்தார். அண்ணையின் கை ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தது. காரை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார்.

கிழவர் குனிந்து உள்ளே பார்த்தார். "கடைசியில் நீ வெளியே போவதையும் கண்டுவிட்டேன்," என்றார்.

அண்ணை ஸ்ரியரிங்கை விட்டார். பிறகு கையை வெளியே நீட்டினார். கிழவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பிடித்தார்.